எண்ணாகிப் போன மனிதர்கள்

ரமலான் பிறை 17 அன்று இரவு நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் பத்ரு ஸஹாபாக்களின் திருப்பெயர்கள் ஓதப்படுவதை நாம் அறிவோம். 313 பேர் என்று தொகை சொல்லி நம் முன்னோர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பெயராக, தந்தையின் பெயரோடு சேர்த்து ஓதினர். நம்மையும் ஓத வைத்தனர். மதரஸாவில் பயின்ற காலத்தில், ஒரு பெயரின் உச்சரிப்புப் பிசகினாலும் அடுத்த பெயருக்கு நகர நம் உஸ்தாது இடந்தரமாட்டார். அப்போரில் ஷஹீதானவர்கள் 14 பேர்: முஹாஜிர்கள் அறுவர், அன்ஸாரிகள் எண்மர். அவர்களுள் முதலில் வீழ்ந்தவராகச் சொல்லப்படும் மிஹ்ஜஃ (ரலி) அவர்கள் குறைஷிக் குலத்தலைவர் அல்லர். உமர் (ரலி) அவர்களால் உரிமை விடப்பட்ட அடிமை. பதினான்கு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், அரபகம் கண்டறியாத ஒரு தமிழ்ச் சிறுவன் அந்த விடுதலை பெற்ற அடிமையின் பெயரைத் தவறின்றிச் சொல்லுகிறான்.

நபிமொழியை அறிவித்தவர்களின் பெயர், ஊர், ஆசிரியர், ஒழுக்கம், மறைந்த ஆண்டு ஆகிய அனைத்தையும் ஆராய்வதற்கென்றே அஸ்மாவுர் ரிஜால் என்னும் தனிக்கலையை வளர்த்த சமுதாயம் நம்முடையது. பெயர் அறியப்படாத ஒருவர் அறிவிப்பாளர் தொடரில் இருப்பின் அவரை மஜ்ஹூல் என்று குறித்து, அந்த அறிவிப்பையே நம் இமாம்கள் ஐயத்தோடு நோக்கினர். இத்தகைய மரபிலே வந்த நாம், நமக்கு மிக அண்மையில் மடிந்தவர்களைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறோம்? இக்கேள்வியை எழுப்புவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நிக்காஹ் ஒன்றுக்காக உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, பழைய சாவடிச் சுவரிலே பதித்த ஒரு கல்லைக் கண்டோம். ஆங்கில எழுத்துகள், சுண்ணாம்பு பல முறை பூசப்பட்டுப் பாதி மறைந்திருந்தன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்பதே அதன் செய்தி. நம் மாநிலத்திலும் இந்நாட்டின் ஏனைய பகுதிகளிலும் இதே வாசகம் தாங்கிய கற்கள் பல உண்டு. ஊரின் பெயரும் எண்ணும் மாறும். எண்ணுக்குரிய மனிதர்களின் பெயர் பெரும்பாலும் இராது.

நிக்காஹ் விருந்து முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது அக்கல்லைப் பற்றிக் கேட்டோம். கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவர் முந்திக்கொண்டார்: "அவர்கள் வெள்ளைக்காரனிடம் கூலிக்குப் போனவர்கள், ஹஜ்ரத். அதுவும் துருக்கிக் கலீஃபாவுக்கு எதிராகப் போனவர்கள். அவர்களுடைய பெயர் நமக்கு எதற்கு?" ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர் பெருமூச்செறிந்து, "போனவர்களை அல்லாஹ் அறிவான், தம்பி. அது போதாதா?" என்றார். மேடைகளில் பேசிப் பழகிய மற்றொருவரோ, "அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அதில் நம்மவர் எத்தனை பேர் என்று தெரிந்தால் கூட்டத்திலே எடுத்துச் சொல்லலாம். நாம் சிந்திய இரத்தத்துக்கு அத்தாட்சி வேண்டுமல்லவா?" என்றார்.

மூவரும் நல்லவர்கள், மூவரும் நமக்கு வேண்டியவர்கள். ஆயினும் மூவர் பேச்சும் தவறு என்பதே நம் துணிபு. ஒருவர் மடிந்தவர்களை வெறுத்து மறக்கிறார். ஒருவர் பக்தியோடு மறக்கிறார். ஒருவர் நினைப்பதுபோல் நின்று விற்கிறார்.

உப்பு மலை ஊர்கள்

அச்சிற்றூரின் கல் தன் கதையைச் சொல்லாது. ஆனால் அதே கேள்வி மிகப் பெரிய அளவில் எழுகின்ற நிலப்பகுதி ஒன்றுண்டு. இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் வடமேற்கே, ஜீலம், ராவல்பிண்டி, சக்வால் பகுதிகளில் பரவிக் கிடக்கும் உப்பு மலைத்தொடரும் அதனை ஒட்டிய மேட்டு நிலமுமே அது. மழையை நம்பிய மானாவாரி மண். பெய்தால் கோதுமை, பொய்த்தால் கடன். அவ்வூர்களின் முஸ்லிம் குடியானவர்களைப் 'போர்க்குணம் கொண்ட இனம்' என்று வகைப்படுத்திப் படைக்கு ஆள் சேர்த்தது ஆங்கிலேய அரசு. சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். வானம் தராத காசைப் பட்டாளம் தந்தது.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டபின், இந்தியாவில் புதிதாகச் சேர்க்கப்பட்ட போர்வீரர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பஞ்சாபிலிருந்தே சென்றனர். ராவல்பிண்டி, ஜீலம் மாவட்டங்களில் படைக்குத் தகுதியான வயதினருள் பத்துக்கு நால்வர் என்னும் அளவுக்குச் சீருடை அணிந்தனர் எனப் போருக்குப் பின் வெளியான கணக்குகள் கூறுகின்றன. எல்லாரும் விரும்பிச் சென்றனர் என்று எண்ணிவிட வேண்டா. போரின் கடைசி ஆண்டுகளில் ஊருக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வைத்து, ஊர்த்தலைவர்களையும் ஜைல்தார்களையும் ஏவி ஆள் பிடித்தனர். ஆள் தந்த தலைவர்களுக்குக் கால்வாய்ப் பாசன நிலமும் பட்டமும் கிடைத்தன. ஆளாகப் போனவனுக்குக் கிடைத்தது ஒரு எண்.

அப்பகுதியில் துல்மியால் என்றோர் ஊர். அந்த ஒரே ஊரிலிருந்து 460 பேர் அப்போருக்குச் சென்றனர். அதனைப் பாராட்டி அரசு 1925-இல் அவ்வூருக்கு ஒரு பழைய பீரங்கியைப் பரிசளித்தது. இன்றும் அது அங்கு நிற்கிறது; பீரங்கி ஊர் என்றே துல்மியாலைச் சொல்லுகிறார்கள். நாம் அவ்வூராரைக் குறை கூறவில்லை. கிடைத்ததைப் பெருமையாகப் போற்றுவது மனித இயல்பு. ஆனால் 460 தாய்மார்களிடம் மைந்தர்களைப் பெற்றுக்கொண்டு, ஒரு துண்டு இரும்பைத் திருப்பிக் கொடுத்த அந்தக் கணக்கைச் சற்றே நின்று பார்க்க வேண்டாமா?

பெயர் இருந்தும் எண் ஆக்கினர்

போரில் இறந்த இந்தியப் படையினர் 74,000 பேருக்கும் மேல். ஃபிரான்சில் நவ் ஷப்பேல் என்னுமிடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியர் வந்து பார்க்கும் இடம் அது. இனி இராக்கைப் பாருங்கள். இந்தியப் படை மிகப் பெருந்தொகையாக அனுப்பப்பட்ட களம் அதுவே. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்குச் சென்றனர். 1929-இல் பஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் 40,000-க்கும் மேற்பட்டோர்க்கு உரியது. அதிலே ஆங்கிலேயர் என்றால் கடைநிலைச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. இந்தியர் என்றால் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். ஏனையோர்க்கு? படைப்பிரிவின் பெயரை எழுதி, அதன் கீழே 'மற்றும் இத்தனை இந்தியப் படையினர்' என்று ஓர் எண். அவ்வளவே! முஸ்லிமும் சீக்கியரும் இந்துவும், பஞ்சாபியும் மராட்டியரும் நம் சென்னை மாகாணத்துச் சுரங்கப் படையினரும் அந்த ஒரே எண்ணுக்குள் கரைந்தனர்.

பெயர்ப் பட்டியல் கிட்டவில்லை என்று யாரேனும் சமாதானம் சொல்வாராயின், அவர்க்கு ஒரு விடை வைத்திருக்கிறோம். அப்போரில் பணியாற்றியவர்களுக்கு வழங்கிய பதக்கங்களின் விளிம்பைப் பாருங்கள். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய யாவும் சிறு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். கடைநிலை இந்தியச் சிப்பாயின் பதக்கத்திலும் அப்படியே. காசளவு வெள்ளி வில்லையின் விளிம்பிலே பெயர் வெட்ட முடிந்த ஓர் அரசுக்கு, ஆள் உயரக் கல்லிலே வெட்ட முடியாமற் போயிற்றா? பெயர் தெரியும். சம்பளப் பட்டியலில் அது இருந்தது. ஓய்வூதியத் தாளில் இருந்தது. கல்லில் ஏற்றும் தகுதி அப்பெயருக்கு இல்லையென்று யாரோ ஒருவர் முடிவு செய்தார், அதுவே உண்மை.

இதனை நாம் சினத்தால் மட்டும் சொல்லவில்லை. அக்கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. ஆசியா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு நாடுகளைச் சார்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை ஏற்றத்தாழ்வாக நினைவுகூரப்பட்டனர் என்றும், மேலும் 1,16,000 பேரேனும், ஒருவேளை 3,50,000 பேர் வரையும் பெயரின்றியோ நினைவுச் சின்னமே இன்றியோ விடப்பட்டனர் என்றும், அதற்கு அக்காலத்து இனவெறியே காரணமென்றும் அவ்வறிக்கை கூறுகிறது. ஒப்புக்கொள்ள நூறாண்டுகள் ஆயின. மகனின் பெயரைத் தேடக்கூடிய தாய் ஒருத்தியும் அப்போது உயிரோடில்லை.

கூலிக்குப் போனவர்கள் என்போர்க்கு

இனி அந்த இளைஞரின் பேச்சுக்கு வருவோம். கூலிக்குப் போனார்கள் என்பது பாதி உண்மை. கடனுக்கும் பசிக்கும் போனார்கள் என்பதும், ஊர்த்தலைவரின் உருட்டலுக்கு அஞ்சிப் போனார்கள் என்பதும் மறு பாதி. அரபு நாட்டுப் பாலையிலோ மலாய்க் காட்டிலோ பிறர் வேலைக்கு உழைத்து அனுப்பிய பணத்தில் வீடு கட்டிய நாம், 11 ரூபாய்க்குப் போனவனைக் கூலி என்று இகழ்வதற்கு முன் நம் நாவைக் கொஞ்சம் அடக்குவது நன்று.

கலீஃபாவுக்கு எதிராகப் போனார்கள் என்பது அதனினும் கனமான குற்றச்சாட்டு. 1914 நவம்பரில் உதுமானிய ஷைகுல் இஸ்லாம் ஜிஹாதுக்கு அழைப்பு விடுத்தார். அதற்குச் சில நாள் முன்னரே, புனிதத் தலங்கள் தாக்கப்படமாட்டா என்று இந்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. இவ்விரு ஓசைகளுக்கும் இடையே நின்றவன் எழுத்தறியாத ஒரு குடியானவன். அவன் நெஞ்சம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1915 நவம்பரில் பாக்தாதுக்குத் தெற்கே நடந்த போர், ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் அடங்கியிருக்கும் ஸல்மான் பாக்கை அடுத்து நடந்தது. அந்தத் திருத்தலத்தருகே துப்பாக்கி தூக்க முஸ்லிம் சிப்பாய்கள் பலர் தயங்கினர். அதனைத் தொடர்ந்து கூத் நகரில் முற்றுகைக்கு உள்ளான படை, குதிரை இறைச்சி தின்னும் நிலைக்கு வந்து, 1916 ஏப்ரல் 29 அன்று ஏறத்தாழ 13,000 பேரோடு சரணடைந்தது. சிறைப்பட்டு நடந்தவர்களுள் பாலைவழியிலே மடிந்தவர் மிகப் பலர்.

மறுத்தவர்களும் இருந்தனர். 1916-இல் பஸ்ராவில் 15-ஆம் லான்சர்ஸ் குதிரைப்படையினர் துருக்கியர்க்கு எதிராகச் செல்ல மறுத்துத் தண்டனை பெற்றனர். 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் 5-ஆம் காலாட்படையினர் கிளர்ந்தெழுந்தனர். இன்றைய ஹரியானாப் பகுதி ஊர்களைச் சேர்ந்த ராங்கர் முஸ்லிம்கள் அதில் மிகுதி. உண்மையில் ஹாங்காங்குக்குச் செல்லுமாறு கட்டளையிருக்க, துருக்கியரோடு பொருத அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு அவர்களிடையே பரவியிருந்தது. கிளர்ச்சியிலே குடிமக்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதனை நாம் மறைக்கவில்லை. பின்னர் 47 சிப்பாய்கள் அவுட்ரம் சாலைச் சிறைச்சுவர் ஓரம், மக்கள் பார்க்க, சுட்டுக் கொல்லப்பட்டனர். நம் வாசகர்களின் பாட்டன்மார் சிலர் அந்நாளில் அந்நகரிலே கடை வைத்திருந்தவர்கள். அந்த வெடியோசையைக் கேட்டும் இருக்கலாம்.

போனவன் பஸ்ராவில் எண்ணானான். மறுத்தவன் சிறைச்சுவரோரம் மண்ணானான். போனதற்கும் நாம் பெயர் சொல்லவில்லை, மறுத்ததற்கும் சொல்லவில்லை. ஆகவே இளைஞரே, நீர் சொல்லும் கொள்கை மெய்யான காரணமன்று. மறதிக்குக் கொள்கைச் சாயம் பூசியிருக்கிறீர்.

அவர்கள் ஷஹீதுகளா அல்லவா என்று எம்மிடம் ஃபத்வா கேட்பாரும் உளர். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது நபிமொழிகளுள் தலையாயது. களத்தில் விழுந்தவனின் எண்ணத்தை அறிய நாம் யார்? தீர்ப்பு வழங்கும் உரிமை நமக்கில்லை. ஒரு முஸ்லிமின் மையித்துக்கு நாம் செய்ய வேண்டிய கடமைகளோ தெளிவானவை: குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், தொழுதல், அடக்குதல். ஷஹீதுக்கு இவற்றுட் சில விலக்கு உண்டெனினும் அடக்கம் யாவர்க்கும் உண்டு. இவற்றை நிறைவேற்றும் முன் இறந்தவனின் அரசியலை விசாரிப்பது நம் வேலையன்று.

அல்லாஹ் அறிவான் என்போர்க்கு

மூத்தவரின் சொல் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. ஏனெனில் அச்சொல் உமர் (ரலி) அவர்களுடையது. நிஹாவந்துப் போரின் செய்தியைக் கொண்டுவந்த தூதர், வீழ்ந்தவர்களுள் புகழ்பெற்றோரின் பெயர்களைச் சொன்ன பிறகு, அமீருல் முஃமினீன் அறியாத வேறு பலரும் மாண்டனர் என்றார். உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். உமர் அறியாததால் அவர்களுக்கு என்ன இழப்பு, அல்லாஹ் அவர்களை அறிவான் என்ற கருத்துப்பட மொழிந்தார்கள். இதனை நாமும் பள்ளிவாசல்களில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம்.

ஆனால் எடுத்துரைக்கும்போது இரண்டை விட்டுவிடுகிறோம். அவர்கள் அதனை அழுதுகொண்டே சொன்னார்கள். நாம் கொட்டாவியோடு சொல்லுகிறோம். இரண்டாவது, இஸ்லாமிய வரலாற்றில் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தியவர்களும் அதே உமர் (ரலி) அவர்களே. படைவீரர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் குலம் குலமாக, பெயர் பெயராக எழுத வைத்தார்கள். விதவைக்கும் குழந்தைக்கும் உதவித்தொகை அப்பதிவின்படியே சென்றது. அல்லாஹ் அறிவான் என்ற நம்பிக்கை அவர்களுக்குக் குறைவாயிருந்ததாலா பேரேடு எழுதினார்கள்? அல்லாஹ்வின் அறிவு நமக்கு ஆறுதல். நம் கடமைக்கு அது விடுப்பு ஆகாது.

இன்னும் ஒரு சான்று. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிவந்த ஓர் ஏழைப் பெண்மணி இரவில் மறைந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உறக்கத்தைக் கலைக்க வேண்டாமென்று தோழர்கள் அவரை அடக்கிவிட்டனர். அவருடைய நிலை அத்துணை சிறியது என்று எண்ணினர் போலும். அண்ணலார் அவர்கள் அவரைக் காணாது விசாரித்தார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கடிந்தார்கள். கபுரைக் காட்டச் சொல்லி அங்குச் சென்று தொழுதார்கள். வஹீ வந்துகொண்டிருந்த ஊரிலே, அல்லாஹ் அறிவான் என்று சொல்லி அண்ணலார் அவர்கள் இருந்துவிடவில்லை. தேடிச் சென்றார்கள். உஹதில் எழுபது பேர் வீழ்ந்த துயர நாளில், ஒரு குழியில் இருவரை வைக்க நேர்ந்தபோதும், இவர்களுள் குர்ஆனை அதிகம் அறிந்தவர் யார் என்று கேட்டுக் கேட்டே முன்வைத்தார்கள். நெருக்கடியிலும் மையித்து ஓர் எண் ஆகிவிடவில்லை.

அத்தாட்சி தேடுவோர்க்கு

மூன்றாமவரே நம்மை அதிகம் வருத்துகிறார். ஏனெனில் இறந்தவர்களை மேடைச் சரக்காக ஆக்குவது புதிய பழக்கமன்று. அன்று அரச விசுவாசத்துக்கு அத்தாட்சியாக அவர்களை எண்ணிக் காட்டிய பிரமுகர்கள் கான்பகதூர் பட்டம் பெற்றனர். ஆங்கிலேயரும் அவர்களை அவ்வாறே பயன்படுத்தினர். இங்கிலாந்தில் வோக்கிங் ஷாஜஹான் பள்ளிவாசலுக்கு அருகே முஸ்லிம் வீரர்களுக்கென்று 1917-இல் குவிமாடமும் வளைவுமாக ஒரு மையவாடியைக் கட்டி முடித்தனர். முஸ்லிம் வீரர்கள் முறைப்படி அடக்கப்படுவதில்லை என்று ஜெர்மானியர் செய்த பிரசாரத்தை முறியடிப்பதே அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. பிரசாரத்தின் தேவை தீர்ந்தது, காவல் தளர்ந்தது, விஷமிகள் கல்லறைகளைச் சேதப்படுத்தினர். 1968-இல் அங்கிருந்த உடல்களைத் தோண்டி எடுத்து ப்ரூக்வுட் மையவாடிக்கு மாற்ற நேர்ந்தது. அத்தாட்சிக்காகக் காட்டப்படும் மையித்துக்கு, அத்தாட்சி தேவைப்படாத நாளில் பாதுகாப்பும் இல்லாமற் போகும். இது வரலாறு கற்பிக்கும் பாடம்.

1947-க்குப் பின் இவர்களின் நிலை மேலும் இரங்கத்தக்கது. எல்லைக்கு அப்பால் போய்விட்ட ஊர்களின் பிள்ளைகள் ஆதலால் இங்குள்ளோர் பேசுவது அரிது. அந்நிய அரசின் சீருடையில் மடிந்தவர் ஆதலால் அங்குள்ளோர்க்கும் கூச்சம். எந்த மேடைக்கும் உதவாத மையித்தை எந்த மேடையும் தூக்குவதில்லை. நாட்டுப்பற்றுக்கு ரசீதாக நம் இறந்தோரை நீட்டும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். இந்நாட்டுக் குடிமகன் குடிமகனே. அவன் தன் பாட்டனின் எலும்பைக் காட்டி அனுமதி பெற வேண்டியவன் அல்லன். அந்த எலும்புக்கு உரிய கடமை வேறு, அதைச் செய்வோம்.

தேடினால் கிடைக்கும்

சக்வாலுக்கு அருகில் தாப் என்னும் சிற்றூரில் பிறந்தவர் குதாதாத் கான். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹோல்பெக்கில் இயந்திரத் துப்பாக்கியை இயக்கி நின்றார். தம்முடன் இருந்த ஐவரும் மாண்டபின், தாமும் காயமுற்ற நிலையில் போராடினார். விக்டோரியா கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர். 1971 வரை வாழ்ந்தார். அவர் பெயரைச் சொல்லும் நூல்கள் பல. அந்த ஐவர் யார்? பெரும்பாலான நூல்கள் 'மற்ற ஐவர்' என்று எழுதிக் கடந்துவிடுகின்றன. ஆனால் அவர்களின் பெயரும் ஏட்டில் உண்டு. ஹவில்தார் குலாம் முஹம்மது. சிப்பாய்கள் லால் ஷேர், ஸெய்யித் அஹ்மத், காசிப், அஃப்ஸர் கான். ஐந்து பெயர்களே, வாய்விட்டுச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடத்தைத்தான் நூறாண்டுகளாகப் பலர் மிச்சம் பிடித்தனர்.

இன்னும் கேளுங்கள். 1919-இல் பஞ்சாப் அரசு மாவட்டம் மாவட்டமாக, ஊர் ஊராக, போருக்குச் சென்றவர்களைப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தது. 26,000 பக்கங்கள், ஏறத்தாழ 3,20,000 மனிதர்கள். பெயர், தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு, உயிர் பிழைத்தாரா மாண்டாரா என்னும் விவரங்கள். அவை லாகூர் அருங்காட்சியகத்திலே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தன. இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபியர் சங்கம் ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் முயன்று, ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டங்களின் ஏடுகளை 2021 நவம்பரில் கணினியில் ஏற்றி வெளியிட்டன. தம் பாட்டனின் பெயரை முதன்முதலாக அதில் கண்டவர்கள் உண்டு. அரசு கல்லில் எழுத மறுத்ததை ஏட்டிலிருந்து எடுத்துத் தந்தவர்கள், பேரப்பிள்ளைகளின் தலைமுறையினர். இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று பிரிக்காமல் தேடினர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நம்மால் இயலாதா? நம் ஜமாஅத்துகளில் நிக்காஹ் தஃப்தர்கள் உள்ளன. பழையன கரையான் அரிக்கும் முன் பிரித்துப் பார்க்கலாம். ஊர்ப் பெட்டிகளில் பழம் பதக்கங்கள் கிடக்கின்றன. பழைய வெள்ளிக்கு விற்குமுன் விளிம்பைப் படிக்கலாம். பட்டாளத்துக்காரர் வீடு என்று இன்றும் அழைக்கப்படும் வீடுகள் இருக்கின்றன. அவ்வீட்டு மூதாட்டியிடம் அப்பெயர் ஏன் வந்தது என்று கேட்கலாம். நம்மவர் பெயர் மட்டும் வேண்டும் என்று தேடலாகாது. கல்லின் எண்ணுக்குள் நம்முடன் சேர்ந்து கிடக்கும் பிற சமயத்தார் பெயரையும் சேர்த்தே தேட வேண்டும். ஒரே எண்ணாகக் கிடந்தவர்களை மீட்கும்போது நாம் பிரித்துக்கொண்டு வருவது அறமாகாது.

கிடைத்த பெயர்களை வைத்து என்ன செய்வது? விழா வேண்டாம், வளைவு வேண்டாம், பீரங்கி வேண்டவே வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஜமாஅத்திலே வைப்போம். நம்மவர் மையித்துக்கு, கண்காணா இடத்தில் இறந்தோர்க்கான ஜனாஸாவை ஷாஃபிஈ மத்ஹபினர் ஏற்பர். நஜ்ஜாஷி மன்னருக்கு அண்ணலார் அவர்கள் தொழுதது அவர்களின் ஆதாரம். ஹனஃபிகள் அதனைக் கொள்ளார். துஆவிலோ இரு சாராருக்கும் பேதமில்லை.

விருந்து முடிந்து புறப்படுகையில் அந்த இளைஞர் நம்முடன் சாவடி வரை நடந்து வந்தார். கல்லின் மீதிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "இதை எங்கே தொடங்குவது, ஹஜ்ரத்?" என்று கேட்டார். "உங்கள் பாட்டியாரிடம்" என்றோம். அடுத்த பிறை பதினேழுக்குள் ஒரே ஒரு பெயரேனும் அவர் எழுதி அனுப்புவாராயின், நம் பள்ளிவாசலில் அதைச் சொல்லி துஆச் செய்வோம். நீங்களும் எழுதி அனுப்புங்கள்.